இன்ஜின் ஏற்றிய பிறகு சத்தமா? "ஓடி ஓடி செட் ஆயிடும்" என்று விடாதீர்கள்

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம், தக்காளி வரத்து நேரத்தில் பாலக்கோடு பக்கம், ஒரு டிராக்டரோ மினி லாரியோ நாலு நாள் பட்டறையில் நின்றால் என்ன நஷ்டம் என்று வண்டிக்காரருக்குத்தான் தெரியும். அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கிறது. இன்ஜின் இறக்கி, போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைந்து), கிராங்க் தண்டைக் கிரைண்டிங் முடித்து, ஏற்றி ஸ்டார்ட் செய்தால் முன்பு இல்லாத ஒரு சத்தம். "புது ரிங், புது பேரிங், ஓடி ஓடி செட் ஆயிடும்ணா" என்று ஒரு பேச்சு. வண்டி வெளியே போய்விடுகிறது.

ஓடி ஓடி செட் ஆவது ரிங் போரோடு பதிவது மட்டும்தான். முதல் சில பத்து மணி நேரம் ஆயில் கொஞ்சம் குறையும், பிரீதரில் (இன்ஜினின் மூச்சுக்குழாயில்) லேசாகப் புகை வரும், அது சரியாகிவிடும். தட்டுகிற சத்தம் அப்படி இல்லை. தட்டுகிற இடத்தில் இரும்பு தேய்கிறது, இடைவெளி பெரிதாகிறது, சத்தம் கூடத்தான் செய்யும். ஆகவே வேலை முடிந்த இன்ஜினில் புதுச் சத்தம் கேட்டால் வேலையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தேட வேண்டும். அதற்காக உடனே ஹெட்டை (சிலிண்டர் மேல்மூடியை) தூக்கவும் வேண்டாம். பத்துச் சத்தத்துக்குப் பத்தும் வெளியிலிருந்தே பிடிபடாது என்றாலும், பாதிக்கு மேல் ஸ்பேனரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் மட்டும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் லொட லொட என்று இருந்து, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் போரில் ஆடுகிறது. போர் அளவு பெரிதாகப் போயிருக்கலாம். சும்மா ஓடும்போது இல்லாமல், லோடு ஏறினால் மட்டும் அடியிலிருந்து டொக் டொக் என்று வந்தால் கனெக்டிங் ராட் பேரிங். இன்னும் ஆழமாக, கனமாக, வண்டியின் சேசிஸ் வரை அதிர்ந்தால் மெயின் பேரிங். ஐட்லிங்கில், அதாவது சும்மா ஓடும்போது, இரட்டைத் தட்டாக, கூர்மையாக இருந்தால் பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின், அல்லது அது உட்காரும் ராடின் சின்ன முனை புஷ். கிளட்ச் மிதித்தால் சத்தம் மாறுகிறதா? கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை, அதாவது திரஸ்ட் வாஷரைப் பாருங்கள். அந்த ஆட்டம் பல இன்ஜின்களில் 0.1 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜைப் புல்லி முகத்தில் வைத்து, கிராங்க்கை நெம்பினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து தாளம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. வால்வைத் திறக்கும் ராக்கர், டாப்பெட், டீசல் பீச்சும் இன்ஜெக்டர் முனையான நாசில் எல்லாம் கேம் கணக்கு. 750 ஆர்.பி.எம்.மில் கிராங்க் சம்பந்தப்பட்ட தட்டு நிமிடத்துக்கு 750, டாப்பெட் தட்டு ஒரு வால்வுக்கு 375. எண்ண முடியாது, ஆனால் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, இன்ஜினை முடிந்தவரை குறைந்த வேகத்தில் வைத்துக் கேட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வருகிறதா, ஒரு சுற்று விட்டு வருகிறதா என்று காது பழகிவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ராக்கர் கவர், டைமிங் கவர், பிளாக்கின் பக்கவாட்டு, ஆயில் சம்ப் விளிம்பு என்று வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஃபேன் இருக்கிற பக்கம் துண்டு, லூஸ் சட்டை எதுவும் தொங்கக் கூடாது.

இன்ஜினுக்கு வெளியே இருப்பவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் கழிந்துவிடும். ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரெசர் தட்டுவது ராட் பேரிங் மாதிரியே கேட்கும். அது கியரில் ஓடுவதால் பெல்ட்டைக் கழற்றினாலும் நிற்காது. டாங்கில் காற்று இல்லாதபோதும், காற்று நிரம்பி அது சும்மா ஓடும்போதும் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஊதினால் டிக் டிக் என்று டாப்பெட் மாதிரியே வரும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்த ஜாயின்ட்டில் கரிக்கோடு இருந்தால் அதுதான்.

இப்போது பெரிய கேள்வி: சத்தம் டீசல் எரிவதில் வருகிறதா, இரும்பு தட்டுவதில் வருகிறதா? ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். துணியால் சுற்றிக்கொண்டு, கை நேராகப் படாமல். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் சுத்தமாகப் போய்விட்டால் அந்த நாசில், அல்லது அந்த ராடு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். சத்தம் கூடவே போனால் இன்ஜெக்டர். பழைய சிலிண்டரிலேயே இருந்தால் கோளாறு கீழே, ராடு பக்கம். எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் மாறாமல் இருந்தால் டைமிங் கியர், டாப்பெட் பக்கம். எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி டண் டண் என்று கடினமாக அடித்தால் பம்ப் டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரம்.

இந்தச் சோதனை பழைய பைப், பம்ப், நாசில் இன்ஜின்களுக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பைப் நட்டைத் தொடவே தொடாதீர்கள். அங்கே அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகும். ஊசி முனை அளவு பீச்சினாலே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அந்த வண்டியில் ஸ்கேனர் வழியாகச் சிலிண்டரை நிறுத்திப் பாருங்கள்.

டைமிங்கில் கை வைப்பதற்கு முன் டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்த வண்டியில் வெள்ளைப் புகை, ஏறி இறங்கும் ஐட்லிங், ஸ்டார்ட் ஆகத் தயக்கம் இவை மூன்றும் டைமிங் பின்தங்கியதாலும் வரும், லைனில் காற்று இருப்பதாலும் வரும். பம்புக்கு வரும் பைப்பில் ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் குழாயை இணைத்து ஓட்டினால் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வாஷர், ஃபீட் பம்ப் பேஞ்சோ போல்ட்டின் (நடுவில் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர் இவற்றில்தான் பெரும்பாலும் காற்று இழுக்கும். பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். இன்னொன்று: கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை எரியாத டீசல். கண் எரியாமல், சைலன்சர் வாயில் ஈரம் தங்கினால் தண்ணீர். அது ஹெட் கேஸ்கட் விஷயம், டைமிங் விஷயம் இல்லை. மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை வந்து நிற்பதைக் கோளாறாக எடுக்க வேண்டாம்.

பைப் மாறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. மாஸி பெர்குசன் டிராக்டரில் வரும் சிம்சன் மூன்று சிலிண்டருக்கு ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-2-3. நாலு சிலிண்டருக்குப் பெரும்பாலும் 1-3-4-2, ஆறுக்கு 1-5-3-6-2-4. டீசலை அழுத்தும் பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் லைன் பம்பில் முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4 என்று பைப் நேராகப் போகும், பம்பின் கேமே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும். வட்டமாக அவுட்லெட் உள்ள ரோட்டரி பம்பில்தான் பைப் மாறும்; பம்ப் சுற்றும் திசையில் ஃபயரிங் ஆர்டரை எண்ணிப் போட வேண்டும்.

இனி டைமிங். கியர்களைப் பொருத்திப் பூட்ட அவற்றில் மார்க், அதாவது புள்ளி, இருக்கும். "மார்க் எல்லாம் கரெக்டா வெச்சோம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மார்க் வைத்ததற்குச் சாட்சி மார்க் இல்லை. மற்றக் கியர்களுக்கு நடுவில் ஓடும் ஐட்லர் கியர் உள்ள இன்ஜினில் ஒருமுறை மார்க் வைத்துச் சுற்றினால், இரண்டு சுற்றில் கிராங்க், கேம், பம்ப் மூன்றும் பழைய இடத்துக்கு வரும், ஆனால் ஐட்லரின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் அதன் புள்ளி எங்கோ நிற்கும். மறுபடி எல்லாம் ஒன்றுசேரப் பல சுற்று சுற்ற வேண்டும். இது தெரியாமல், கவரைத் திறந்து ஐட்லர் புள்ளி பொருந்தவில்லை என்று பார்த்து, சரியாக இருந்த கியரைக் கழற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கவரைத் திறக்காமல் டைமிங்கை அளந்து பாருங்கள்.

அளக்க முதலில் உண்மையான டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், வேண்டும். புல்லியில் உள்ள கோட்டை அப்படியே நம்பாதீர்கள். ரப்பர் ஒட்டிய புல்லியில் வெளி வளையம் நழுவியிருக்கும். சில பிளைவீல்களை எந்தத் துளையிலும் மாற்றிப் பூட்ட முடியும். நேர் நிற்கும் வால்வு உள்ள இன்ஜினில் எளிய வழி ஒன்று உண்டு. முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அந்தச் சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். வால்வு தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாக மாட்டிவிடுங்கள், கை தவறினாலும் உள்ளே விழாது. வால்வு பிஸ்டன் மேல் உட்காரும். அதன் தலையில் டயல் கேஜ். உச்சியில் பிஸ்டன் சில டிகிரி அசையாமல் நிற்பது போல இருக்கும், அதனால் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. கேஜ் 1 மி.மீ. இறங்கும் வரை முன்னால் சுற்றி, புல்லியில் ஒரு கோடு; பின்னால் சுற்றி, அந்தப் பக்கம் 1 மி.மீ. இறங்கியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடு டி.டி.சி. டிகிரிக் கணக்கும் புல்லியிலேயே போடலாம்: 180 மி.மீ. விட்டமுள்ள புல்லியின் சுற்றளவு 565 மி.மீ., ஒரு டிகிரி 1.57 மி.மீ. உங்கள் இன்ஜினுக்கு 20 டிகிரி என்று புத்தகம் சொன்னால், டி.டி.சி.க்கு முன்னால் 31.4 மி.மீ.யில் கோடு. ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டும் வரை கிராங்க்கை வேறெதற்கும் சுற்றாதீர்கள்.

பிறகு ஸ்பில் முறை: பம்ப் எங்கே அழுத்தத் தொடங்குகிறது என்று டீசல் சொட்டை வைத்துப் பார்ப்பது. லைன் பம்பில் முதல் டெலிவரி வால்வு ஹோல்டரை (இன்ஜெக்டர் பைப் பூட்டும் இடம்) கழற்றி, வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்பப் பூட்டி, வளைந்த குழாய் ஒன்றை மாட்டுங்கள். பம்புக்கு உயரத்திலிருந்து டீசல் இறங்க வேண்டும். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில், ஆக்சிலரேட்டர் முழுசாக இருக்க வேண்டும். ஸ்டாப் இழுத்தபடி இருந்தால் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் தண்டு) மூடிய நிலையில் நிற்கும், எவ்வளவு சுற்றினாலும் டீசல் நிற்காது, பம்ப் போச்சு என்று நினைத்துவிடுவீர்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் ஏறும்போது இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். கொட்டிக்கொண்டிருந்த டீசல் மெலிந்து, சொட்டாகி, 10 முதல் 15 நொடிக்கு ஒரு சொட்டு என்று ஆகும் இடம்தான் பம்ப் அழுத்தத் தொடங்கும் இடம். அங்கே புல்லி எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படியுங்கள். தாண்டிவிட்டால் அங்கிருந்தே பின்னுக்கு வந்து படிக்கக் கூடாது. கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் கியர் இடைவெளி முழுவதும் கணக்கில் ஏறிவிடும்.

அளவு 2, 3 டிகிரி வித்தியாசம் என்றால் பம்ப் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் போதும். பம்ப் தண்டு சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் முன்னேறும், தண்டோடு திருப்பினால் பின்தங்கும். ஸ்லாட்டின் ஓரம் வரை தள்ளியும் போதவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்: பல் மாறியிருக்கிறது. பம்ப் கியரில் 40 பல் இருந்தால் ஒரு பல்லுக்குப் பம்பில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. 56 பல் என்றால் கிராங்க்கில் ஏறக்குறைய 13. இவ்வளவு முன்னேறினால் செல்ஃப் போடும்போதே இன்ஜின் திருப்பி உதைக்கும், சுத்தியால் அடிப்பது போல் சத்தம் வரும், பிஸ்டன் தலை தாங்காது. இவ்வளவு பின்தங்கினால் சத்தம் மந்தம், வெள்ளைப் புகை, இழுவை இல்லை, சைலன்சர் சிவக்கும். பல் சரியாக இருந்தும் அளவு தப்பினால் பம்ப் தண்டின் சாவியை (கியர் தண்டில் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) பாருங்கள். நட் சரியாக இறுகாமல் ஓடினால் சாவி அறுந்து, கியர் கூம்பில் நழுவிவிடும்.

முதல் சிலிண்டர் சரியாக இருந்து, மூன்றாவது மட்டும் அடித்தால் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். நாலு சிலிண்டர் பம்பில் ஒவ்வொரு பிளஞ்சரும் 90 டிகிரி இடைவெளியில், அரை டிகிரிக்குள் தொடங்க வேண்டும். காலிபரேஷன் என்ற பெயரில் டீசல் அளவை மட்டும் பார்த்துவிட்டு இதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டுச் செய்து வாங்குங்கள். ரோட்டரி பம்புக்கு ஸ்பில் முறை பொருந்தாது. சிலவற்றில் ஃபிளாஞ்சுக் கோடு, சிலவற்றில் பின்பக்கப் பிளக்கில் டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் ஏற்றத்தைப் பார்ப்பது. அந்தப் பம்பின் புத்தகத்தில் உள்ளபடியே செய்ய வேண்டும்.

கேம் கியர் ஒரு பல் மாறியிருக்கிறதா என்பதற்கும் கவர் திறக்க வேண்டாம். நாலு சிலிண்டரில் முதலாவது கம்ப்ரஷன் டி.டி.சி.யில் நிற்கும்போது நாலாவதில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கும். ஆறு சிலிண்டரில் ஆறாவது. இரண்டு வால்வும் ஏறக்குறைய சமமாகத் திறந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாக அமுங்கி மற்றது அசையாமல் இருந்தால் கேம் தப்பு. மூன்று சிலிண்டரில் ஜோடி இல்லை, அதனால் முதல் பிஸ்டன் எக்ஸாஸ்ட் முடிந்து உச்சிக்கு வரும் இடத்தில் அதே சிலிண்டரில் பாருங்கள்.

பம்ப் கழற்றிப் பூட்டிய எந்த இன்ஜினையும் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப் லீவர் தானாகத் திரும்புகிறதா என்று கையால் பார்த்துவிடுங்கள். ராக் சிக்கினால் இன்ஜின் கை மீறி ஓடும். ஏர் கிளீனர் குழாய் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைப் பக்கத்தில் வையுங்கள். கையையோ துணியையோ வைக்கக் கூடாது.

டைமிங் அளவு சரியாக இருந்தும் சத்தம் போகாவிட்டால், லேத்திலும் பூட்டும்போதும் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். டிக் டிக் சத்தத்துக்கு டாப்பெட் இடைவெளி. முன்பு சொன்ன சிம்சன் மூன்று சிலிண்டருக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25. கேஜ் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் ராக்கர் தண்டுக்கு ஆயில் ஏறுகிறதா என்று கவரைத் திறந்து ஐட்லிங்கில் பாருங்கள். ஆயில் வரும் ஓட்டையுள்ள பிராக்கெட் ஒன்றுதான். அதை இடம் மாற்றிப் பூட்டினாலோ, ஹெட் கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டு ஆயில் துளையை அடைத்தாலோ ராக்கர் காய்ந்தே ஓடும். காய்ந்த ராக்கரின் மேல் ஆயில் பளபளப்பு இருக்காது, தொட்டால் சுடும்.

இன்ஜெக்டர் அடியில் பழைய செப்பு வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதியதையும் போட்டால் நாசில் முனை அந்த அளவு மேலே ஏறிவிடும், டீசல் பிஸ்டன் குழியில் விழாமல் சுவரில் அடிக்கும், சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வரும். டார்ச் அடித்துப் பார்த்து, கொக்கியால் எடுங்கள்.

கையால் கிராங்க்கைச் சுற்றும்போதே ஓர் இடத்தில் முட்டினால் பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ இடிக்கிறது. பிளாக் முகம், ஹெட் முகம் சீவியிருந்தால் இது நடக்கும். ஈயக் கம்பி வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி: பிஸ்டன் தலையில், வால்வுக்குழி இல்லாத இடங்களில், பிஸ்டன் பின் இருக்கும் கோட்டுக்கு நேராக இரண்டு பக்கமும் கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றி எடுத்து மைக்ரோமீட்டரில் அளவு பாருங்கள். பல இன்ஜின்களில் 1 மி.மீ. ஒட்டி இருக்கும். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு வந்தால் ராடு வளைந்திருக்கிறது.

தேய்ந்த லைனரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) மேல் விளிம்புத் திட்டை எடுக்காமல் ரிங் மட்டும் மாற்றினால் புது ரிங்கின் கூர்மையான விளிம்பு அந்தத் திட்டில் தட்டும். கிராங்க் 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்ட் செய்து, பெட்டியில் 10 தவ் பேரிங் வந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே கீழே அடிக்கும், ஆயில் பிரஷர் ஏறாது. மெயின் கேப்பை (மெயின் பேரிங் மூடியை) சீவி, பேரிங் துளைகளை ஒரே நேராகக் கடையும் லைன் போரிங் செய்திருந்தால் கிராங்க் கொஞ்சம் மேலே ஏறும். டைமிங் கியர்ப் பல் நெருங்கி உய்ங் என்று ஊளையிடும். எதிர்ப்பக்கம், இடைவெளி அதிகமானால் ஐட்லிங்கில் கட கட.

காமன் ரெயிலைப் பற்றிச் சுருக்கமாக. இன்ஜெக்ஷன் நேரத்தைக் கணினி முடிவு செய்கிறது, பம்பைத் திருப்பிச் சரி செய்ய எதுவும் இல்லை. கிராங்க், கேம் சென்சார் ஒத்துப்போகாவிட்டால் ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு எண் வரும். செயின் அல்லது பெல்ட் ஒரு பல் மாறியிருக்கலாம். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் தலையில் பொறித்த எண்ணைக் கணினியில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஏற்றாமல் விட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டும், இரும்பில் எந்தக் கோளாறும் இருக்காது.

எல்லாம் சரியான பிறகு லோடில் பாருங்கள். லாரி என்றால் சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறுவதோ, கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏறி ஓசூர் போவதோ போதும், டிராக்டருக்கு ரோட்டவேட்டர். சும்மா ஓடும்போது ஒளிந்திருந்த ராட் பேரிங் அங்கே பேசிவிடும். ரேடியேட்டரில் இந்தப் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஏற வேண்டாம். படிவு கட்டிச் சூடேறி, போர் போட்ட பிஸ்டன் பிடித்துக்கொண்டால் வேலை மொத்தமும் வீண். கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

திரும்பி வந்ததும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, உறையை வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணியில் விரியுங்கள். முதல் ஓட்டத்தில் மெல்லிய சாம்பல் பொடி வருவது ரிங் பதிவது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில் பேரிங் ஷெல்லின் மேல் பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு தேய்ந்து அடி அடுக்கு வரை போய்விட்டது, அல்லது சின்ன முனை புஷ் அரைபடுகிறது; அதோடு வண்டியை லோடுக்கு அனுப்பாமல் சம்ப்பைக் கழற்றுங்கள்.